ஒயின் ருசிப்பவன் பெண் பார்க்கப் போன கதை

ஒயின் பாட்டிலின் அளவை யார் முடிவு செய்தார்களோ தெரியாது. ஆனால் அந்த மனிதர் தனியாக வாழ்ந்தவர் இல்லை என்று மட்டும் அடித்துச் சொல்வேன். முக்கால் லிட்டர். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, அலுவலகத்து வம்பையும் வாடகை ஏறியதையும் பேசிக்கொண்டே ஒரு சாயங்காலத்தில் முடிக்கக்கூடிய அளவு அது. செம்பூரில் ஒரு படுக்கையறை வீட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பாட்டிலைத் திறந்து, நாலு வாய் ருசித்து, அந்த நாலு வாயையும் துப்பிவிட்டு, மீதியை என்ன செய்வது என்று விழிக்கிற ஒருவனை அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. மீதி சிங்கில் போகும். செம்பூரிலேயே நல்ல ஒயினாகப் பார்த்துக் குடித்தது எங்கள் வீட்டு சிங்க்தான்.

அந்த ஒருவன் நான். தொழிலால் விஞ்ஞானி. எண்ணெய்களிலும் வாசனைப் பொருள்களிலும் என்னென்ன கலந்திருக்கிறது என்று இயந்திரத்தில் ஏற்றிக் கண்டுபிடிக்கிற வேலை. (சயன்டிஸ்ட் என்றதும் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆவலாக ராக்கெட்டைப் பற்றிக் கேட்பார்கள். நல்லெண்ணெயில் கலப்படம் என்று நான் ஆரம்பித்ததும் அவர்களுக்குக் குக்கர் சத்தம் கேட்டுவிடும்.)

ஒயின் என் வாழ்க்கையில் நாசிக்கில் நுழைந்தது. அங்கே ஒரு கருத்தரங்குக்குப் போனோம். முடிந்ததும் எங்களை பஸ்ஸில் ஏற்றி ஒரு திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். தோட்டத்துக்காரர் ஆளுக்கொரு கிளாஸ் கொடுத்து, என்ன வாசனை வருகிறது என்று கேட்டார். என்னோடு வந்த முனைவர்கள் எல்லாம் ஒரே குரலில் "திராட்சை" என்றார்கள். நான் மட்டும், "முதலில் நாவல்பழம், அப்புறம் நனைந்த சாக்கு, கடைசியில் புதுத் தோல் பை. ஆட்டுத் தோல்" என்றேன். அவர் வாயைப் பிளந்தார். ஆட்டுத் தோல் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். நான் பிறந்து வளர்ந்தது தாராவி. அப்பாவுக்குத் தோல் பை பட்டறையில் வெட்டுகிற வேலை. பட்டறைக்கு மேலே இருந்த அறைதான் எங்கள் வீடு. அதைச் சொன்னதும் அவர் கைதட்டினார். என் மூக்குக்காக ஒருவர் கைதட்டியது அதுதான் முதல் தடவை. அன்றைக்கே நான் கெட்டுப்போனேன்.

திரும்பி வந்ததும் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி, தமிழில் ஒயின் விமர்சனம் எழுத ஆரம்பித்தேன். வெளிநாட்டு விமர்சகர்கள் எழுதுகிற பழங்களில் பாதியை நான் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. அதனால் நமக்குத் தெரிந்ததை எழுதினேன். "தொடக்கத்தில் கொடுக்காப்புளி. நடுவே மாதுங்கா மார்க்கெட்டில் காலையில் தண்ணீர் தெளித்த பூக்கூடை. முடிவில் மழைக்காலத்து லோக்கல் ரயிலின் ஜன்னல் கம்பி." இப்படி வாரம் ஒன்று. உலகத்தில் இதைப் படிக்கவென்று ஒரு கூட்டம் காத்திருக்கும் என்று நம்பினேன். தொடர்ந்து கருத்து எழுதியவர் ஒரே ஒருவர்தான். அவரும் ஒவ்வொரு விமர்சனத்துக்கும் கீழே, குறைந்த வட்டியில் கடன் வேண்டுமா என்று கேட்டிருப்பார். அவரை நீக்க எனக்கு மனம் வரவில்லை. யாருமே இல்லாததற்கு அவராவது இருக்கட்டும் என்று விட்டு வைத்தேன்.

ஆள் சேர்த்துப் பார்க்காமலும் இல்லை. ஒரு தடவை அலுவலக நண்பர் ஒருவரைக் கூப்பிட்டேன். கையில் மிக்சர் பாக்கெட்டோடு வந்தார். ஒயினில் ஐஸ் போட்டார், சோடா ஊற்றினார், ஒரே மூச்சில் விழுங்கினார். "ஏறவே இல்லையே பாஸ்" என்று குறைப்பட்டுக்கொண்டு போனவர் அப்புறம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. எனக்கு வேண்டியது குடிக்க ஆள் இல்லை. ஒரு வாய் ருசித்துவிட்டு, "உனக்கும் அந்த நாவல்பழம் தெரியுதா?" என்று கேட்க ஓர் ஆள். "இல்லையே, எனக்கு நெல்லிக்காய்தான் தெரியுது" என்று சண்டை போட்டாலும் சரி. கல்யாணம் என்பதே அதற்காகத்தான் என்று நாற்பதை நெருங்கும் வயதில் எனக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

இனி இந்தக் கதையில் ஒரு டபரா வருகிறது. ஒயினைச் சோதிக்கிறவர்கள் விழுங்கக் கூடாது. நாலைந்து வகையை அடுத்தடுத்து ருசித்து விழுங்கினால் ஐந்தாவதற்கு மார்க் போடும்போது பேனா மேஜையில் எழுதும். அதனால் துப்புவதற்கென்று பக்கத்தில் ஒரு பாத்திரம் வைத்துக்கொள்வார்கள். நான் முதலில் சிங்குக்கு எழுந்து போனேன். கவனம் சிதறியது. பிளாஸ்டிக் குவளை வைத்தேன். அதன் வாடை மூக்கைக் கெடுத்தது. கடைசியில் அலமாரியில் சும்மா கிடந்த ஸ்டீல் டபரா கைக்கு வந்தது. அகலமான வாய், கைக்கு அடக்கம், வாடை கிடையாது. காபி ஆற்றுவதற்கு ஆள் இல்லாத வீட்டில் அதற்கும் ஒரு வேலை கிடைத்தது. வலது கையில் கிளாஸ், இடது கையில் டபரா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி. (நாக்குக்குச் சுரணை நன்றாக இருக்கும் நேரம் அதுதான் என்று நானே ஆராய்ந்து முடிவு செய்திருந்தேன். மறுத்துப் பேச வீட்டில் யாரும் இல்லை.) பல வருடங்கள் இப்படியே பழகி, பிறகு பார்க்காமலேயே ஒரு சொட்டு சிந்தாமல் டபராவில் துப்புகிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

எனக்கு ஒரே அக்கா. கல்யாண் என்ற ஊரில் இருக்கிறாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு எல்லாமே அவள்தான் என்பது அவளுடைய கருத்து. என்னுடைய கருத்தும் அதுதான். அவள்தான் கோமதியின் ஜாதகத்தைக் கொண்டுவந்தாள். மாதுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் வீடு. இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. அவர்களும் எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கம்தான், சங்கரன்கோவில். போட்டோவில் சிரிக்காமல் இருந்தாள். ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டு சிரிக்காமல் இருப்பதுபோல இருந்தது. அதை நான் பலமுறை எடுத்துப் பார்த்தேன். மேஜைக்கு எதிர்ப்பக்கத்து நாற்காலியில் அந்த முகத்தை வைத்தும் பார்த்தேன். சரியாகவே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தார்கள். நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் பெண்ணைப் பார்த்து, காபி குடித்து, நல்ல வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். அக்காவும் அத்தானும் கல்யாணிலிருந்து மாதுங்காவில் வந்து இறங்கினார்கள். நான் செம்பூரிலிருந்து போய்ச் சேர்ந்துகொண்டேன். மார்க்கெட்டில் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு மூன்று பேரும் நடந்தோம். நடக்கும்போதே அக்கா பாடம் எடுத்தாள்.

"ஏல, நல்லாக் கேட்டுக்க. அவிய மூத்த பையன் குடிச்சே செத்துப்போனான். கோமதிக்கு அண்ணன். அதுலருந்து அந்த வீட்டுல குடின்ன பேச்சே ஆகாது. வந்த மாப்பிள்ளயில ரெண்டு பேர, எப்பவாச்சும் பார்ட்டியில பீர் குடிப்பேன்னு சொன்னதுக்கே வேண்டாம்னுட்டாவ. நான் ஒனக்கு ஒரு கெட்ட பழக்கமும் கெடையாதுன்னு சொல்லியிருக்கேன். பக்கா."

"எனக்கு ஏது கெட்ட பழக்கம்? நான்தான் குடிக்கிறதே இல்லையே. துப்பிருதேன்லா?"

அக்கா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் ஹிந்தியில் ஏதோ சொல்லிவிட்டு ஒதுங்கிப் போனார்.

"இந்தச் சட்டமெல்லாம் அங்க போயி பேசுனே, நான் அப்படியே லோக்கல் பிடிச்சு போயிட்டே இருப்பேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. இல்லன்னா சிரி. தேவையில்லாம வம்பு, லஃப்டா எதுவும் பண்ணாத."

"காபி குடுப்பாவ, குடிச்சிட்டு வந்துருவோம். இதுல என்ன இருக்கு?" என்றார் அத்தான். அவர் எந்த விஷயத்தையும் பலகாரத்தின் பக்கத்திலிருந்து பார்க்கிறவர்.

பழைய கட்டடத்தில் இரண்டாவது மாடி. உள்ளே போனதும் எதிர்ச் சுவரில் ஒரு போட்டோ, மாலை போட்டு. கோமதியின் அண்ணனாகத்தான் இருக்க வேண்டும். மில் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கோமதியின் அப்பா, நிதானமான மனிதர். என் வேலையைப் பற்றிக் கேட்டார். ராக்கெட்டைப் பற்றிக் கேட்கவில்லை. நல்லெண்ணெயில் என்ன கலக்கிறார்கள் என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கோமதியின் அம்மா வாழைக்காய் பஜ்ஜியும் கேசரியும் கொண்டுவந்து வைத்தார். அத்தான் காலம் தாழ்த்தவில்லை. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன், மற்ற நேரத்தில் சிரித்தேன். அக்காவின் முகத்தில் வெற்றிக் களை தெரிந்தது.

பிறகு கோமதி தட்டில் காபி கொண்டுவந்தாள். மாம்பழ நிறத்தில் புடவை. போட்டோவில் இருந்த அதே அடக்கிய சிரிப்பு. என் முன்னால் குனிந்து தட்டை நீட்டினாள். டம்ளரை வலது கையில் எடுத்தேன். டபராவை இடது கையில் வாங்கிக்கொண்டேன்.

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு.

இதற்குப் பிறகு நடந்தது எதையும் நான் செய்யவில்லை. என் கைகளும் வாயும் என்னைக் கேட்காமல் செய்தன. இதை நான் நீதிமன்றத்திலும் சொல்வேன். காபியின் ஆவி மூக்கில் ஏறியது. நல்ல டிகாஷன். சிக்கரி கொஞ்சம் தூக்கல். அதற்கும் அடியில் வேறு ஏதோ ஒரு வாடை, மெல்லியதாக, பிடிபடாமல். அது என்ன என்று மூக்கு கேட்டது. அவ்வளவுதான், எனக்கு இடம் பொருள் எல்லாம் மறந்துவிட்டது. டம்ளரைச் சாய்த்து வெளிச்சத்தில் நிறம் பார்த்தேன். (ஸ்டீல் டம்ளரில் என்ன நிறம் தெரியும் என்று கேட்காதீர்கள்.) மணிக்கட்டைச் சுழற்றிக் காபியை உள்ளே மூன்று சுற்றுச் சுற்ற விட்டேன். மூக்கை டம்ளருக்குள் விட்டு, கண்ணை மூடி, ஆழமாக இழுத்தேன். ஒரு வாய் எடுத்தேன். உதட்டைக் குவித்துக் காற்றை உள்ளே உறிஞ்சினேன். அது வாய் கொப்பளிக்கிற சத்தத்தில் கேட்கும். இடது கன்னம், வலது கன்னம், நாக்கின் அடி என்று காபியை எல்லா இடத்துக்கும் அனுப்பி வைத்தேன்.

பிறகு டபராவில் துப்பினேன்.

ஒரே தாரை. நேராக டபராவின் நடுவில். வேட்டியிலோ தரையிலோ ஒரு சொட்டு விழவில்லை. நாசிக் தோட்டத்துக்காரர் பார்த்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார். மாதுங்காவில் யாரும் கைதட்டவில்லை.

கண்ணைத் திறந்தேன். அத்தானின் பஜ்ஜி வாய்க்குப் பாதி தூரத்தில் நின்றுபோயிருந்தது. கோமதியின் அம்மா வாயில் கையை வைத்திருந்தார். கோமதி வெறும் தட்டைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். முதலில் சுதாரித்தது அக்கா.

"ஆத்துதான்" என்றாள் சத்தமாக. "அவன் ஆத்திக் குடிக்கிறது அப்படித்தான். சூடு தாங்கமாட்டான் பாத்துக்கிடுங்க." பிறகு என்னைப் பார்த்து ஒரு பார்வை. சின்ன வயதில் அந்தப் பார்வைக்கு நான் விளக்கெண்ணெயே குடித்திருக்கிறேன். இப்போது அந்தப் பார்வை டபராவைக் காட்டியது, டம்ளரைக் காட்டியது, என் வாயைக் காட்டியது.

எனக்கு விளங்கிவிட்டது. டபராவிலிருந்து டம்ளருக்கு ஊற்றினேன். டம்ளரிலிருந்து டபராவுக்கு ஊற்றினேன். நம் ஆட்கள் ஆற்றுகிற மாதிரியே கையைத் தூக்கி ஒரு ஆற்று ஆற்றினேன். பிறகு அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, துப்பிய காபியை மடமடவென்று குடித்து முடித்தேன்.

"ஐயோ, முருகா" என்றார் கோமதியின் அம்மா.

கோமதியின் அப்பா மட்டும் கலங்கவில்லை. அவருடைய நல்ல குணம், எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார். "தம்பிக்கு பல்லுல ஏதும் தொந்தரவா? சூடு பட்டா சில பேருக்கு ஜிவ்வுனு இழுக்கும்."

"ஆமா, பல்லு! கடவாப்பல்லு! ரெண்டு நாளா ஒரே வலி" என்று அக்கா பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

அதே நேரத்தில் நான், "இல்ல சார், பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லியிருந்தாளே. அவர் கேட்டார், சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எல்லோரும் காரணத்துக்காகக் காத்திருப்பதுபோல எனக்குத் தோன்றியது. ஆய்வுக்கூடத்தில் ஒரு பிழை நேர்ந்தால் எங்கே, எப்படி நேர்ந்தது என்று சொல்லாமல் நாங்கள் நகர்வதில்லை. அதனால் விளக்கினேன். "அது ஒரு பழக்கம் சார். ஒயின் டேஸ்ட் பண்ணும்போது இப்படித்தான் துப்பணும். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வீட்டுல நான் டேஸ்ட் பண்ணுவேன். டபராவுலதான். அதான் கை தன்னால…"

அந்த வீட்டில் ஒயின் என்ற சொல் விழுந்ததும் எல்லோருடைய கண்ணும் ஒரே திசைக்குப் போனது. சுவரில் இருந்த போட்டோவுக்கு. கோமதியின் அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவருடைய கை நடுங்கியதை நான் பார்த்தேன். அதுவரை எனக்கு வெட்கமாக மட்டும்தான் இருந்தது. இப்போது டபராவைக் கீழே வைத்துவிட்டேன். கோமதியின் அப்பா மேல்துண்டால் கண்ணாடியைத் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடியும் கழற்றித் துடைத்தார். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை.

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தபோது கோமதி பேசினாள். "அப்பா, நான் அவங்ககிட்ட ரெண்டு நிமிசம் பேசணும்."

வீட்டின் முன்பக்கத்து கேலரியில், அதாவது பால்கனியில், துணி காயப் போட்டிருந்தார்கள். கீழே பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன. கோமதி காய்ந்த துணிகளை ஒதுக்கிவிட்டு எனக்கு நிற்க இடம் செய்து கொடுத்தாள்.

"காபி எப்படி இருந்துச்சு? உண்மையச் சொல்லுங்க."

எனக்கு இந்தக் கேள்விதான் வாழ்க்கையில் பிடித்த கேள்வி. "டிகாஷன் பிரமாதம். சிக்கரி கொஞ்சம் ஜாஸ்தி. அப்புறம்…" என்று இழுத்தேன். "பால் லேசா அடிபிடிச்சிருக்கு. ரொம்ப லேசா."

அவள் சட்டென்று சிரித்துவிட்டாள். அடக்கிய சிரிப்பு இல்லை, நல்ல சிரிப்பு. "அடிபிடிச்சதுதான். நீங்க வந்த பதட்டத்துல அடுப்பக் குறைக்க மறந்துட்டேன். மேலாப்புல எடுத்து ஊத்துனேன். அம்மாவுக்கே தெரியல. எனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சேன்."

"உங்களுக்கும் தெரிஞ்சுதா அந்த வாசனை?"

"நல்லாத் தெரிஞ்சுதே."

நான் அந்த இடத்திலேயே பறந்தேன். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சுவருக்கும் சிங்குக்கும் கேட்ட கேள்விக்கு முதல் தடவையாகப் பதில் வந்திருந்தது. அடிபிடித்த பாலின் வாசனை, எனக்கும் தெரிகிறது, எதிரில் நிற்பவளுக்கும் தெரிகிறது. இதைவிடப் பொருத்தம் எந்த ஜாதகத்தில் இருக்கும்? நான் மனதுக்குள் மேஜையைக்கூடக் கொஞ்சம் நகர்த்தி, ஜன்னல் பக்கத்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டேன்.

அவள் சிரித்து முடித்துவிட்டுக் கீழே ரோட்டைப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கட்டுமா? பாட்டில் சத்தம் கேட்டாலே எங்கம்மாவுக்குக் கை நடுங்கும். நீங்க பாத்திருப்பீங்க. எண்ணெ பாட்டிலா இருந்தாலும் சரி. நீங்க துப்புறீங்களா குடிக்கிறீங்களான்னு அவங்க பாக்கப்போறதில்ல. இத விட்டுருவீங்களா?"

ஆம், அல்லது இல்லை. ஒரு சொல்லில் முடிகிற கேள்வி. சாதாரணமான மனிதன் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் "விட்டுருவேன்" என்று சொல்லியிருப்பான். அதன் பிறகு விட்டாலும் விடாவிட்டாலும் அது வேறு கதை. நான் "இதைப் பொதுவாக எப்படிப் பார்க்கணும்னா" என்று ஆரம்பித்தேன்.

ருசிப்பதற்கும் குடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் சொன்னேன். வாயில் வைத்துத் துப்பினால் ரத்தத்தில் எவ்வளவு கொஞ்சம் சேரும் என்று சொன்னேன். மூக்கு வழியாக வரும் மணம், தொண்டை வழியாக மேலேறும் மணம் இரண்டையும் பிரித்துச் சொன்னேன். தாராவித் தோலைச் சொன்னேன், நாசிக்கைச் சொன்னேன். ஒரு கட்டத்தில் கொடியில் காய்ந்த பாவாடையை ஒதுக்கிவிட்டுக் கையால் காற்றில் வரைபடம் போட்டேன். அவள் நடுவில் குறுக்கிடவே இல்லை. அவ்வளவு ஆர்வமாகக் கேட்கிறாளே என்று நான் இன்னும் கொஞ்சம் விரித்தேன். உள்ளேயிருந்து அக்கா எட்டிப் பார்த்து, "ஏல, ராகு காலம்" என்றாள். நான் ஒரு நிமிடம் என்று கையைக் காட்டிவிட்டு முடிவுரைக்குப் போனேன்.

எல்லாம் முடிந்ததும் கோமதி, "நீங்க சொன்னது எல்லாம் நல்லாப் புரிஞ்சுது" என்றாள். கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து மடித்தாள். "நான் கேட்டது வேற."

அவள் உள்ளே போன பிறகுதான் அவள் என்ன கேட்டாள் என்பது எனக்கு முழுசாக உறைத்தது. அவள் ஒயினைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கு அவள் வேண்டுமா என்று கேட்டிருந்தாள். வேண்டும் என்பது என் பதில். அதற்கு முன்னுரையே தேவைப்பட்டிருக்காது. பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அதற்குள் ஹாலில் எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். கோமதியின் அப்பா, "தகவல் சொல்லி அனுப்புதோம்" என்று கைகூப்பினார். நானும் கூப்பினேன்.

மாதுங்கா ஸ்டேஷன் வரைக்கும் அக்கா எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். பிளாட்பாரத்தில் அத்தான்தான் தொண்டையைச் செருமினார். "என்ன சொன்னாலும் மாப்ள, பஜ்ஜி முதல் தரம்."

அக்கா அவரை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுடைய உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழுதாள்தான், முதலில். "துப்புனது கூடப் போவுதுலே. ஆத்துனியே ஒரு ஆத்து…" என்று சொல்ல வந்தவளுக்குப் பாதியில் சிரிப்பு முட்டிக்கொண்டது. பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தான் சிரித்தார். நானும் சிரித்தேன். பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த மராத்திக்காரம்மா எங்களைப் பார்த்து என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார். கல்யாண் வண்டி வந்தது. அவர்கள் ஏறிக்கொண்டார்கள்.

நான் செம்பூருக்குத் திரும்பி வந்து விளக்கைப் போட்டேன். அன்றைக்குத் திறக்க வேண்டிய பாட்டில் மேஜையில் அப்படியே இருந்தது. திறக்கவில்லை. எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பழகிய தனிமைதான் அது. ஆனால் ஒரு சாயங்காலம் அந்த நாற்காலியில் ஆளை வைத்துப் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு அது வெறும் நாற்காலியாக இருக்கவில்லை. அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்த வாரமே தகவல் வந்தது. வேண்டாம். கோமதிக்கு அடுத்த தை மாதம் தானே ஊர்ப் பக்கம் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்குக் காபிகூடக் குடிக்கிற பழக்கம் இல்லையாம், அக்கா விசாரித்துச் சொன்னாள். நான் ஒயினை விட்டுவிட்டேனா என்று நீங்கள் கேட்பீர்கள். சில மாதங்கள் விட்டேன். விட்டதைச் சொல்லிக்கொள்ள ஆள் இல்லாமல் விடுவதில் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தது. மறுபடியும் எழுதத் தொடங்கினேன். அக்கா அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு ஜாதகங்களைக் கொண்டுவந்தாள். இரண்டு இடங்களில், "அந்தக் காபி துப்புன பையனா?" என்று கேட்டார்களாம். மாதுங்காவில் இருந்து முலுண்ட் வரைக்கும் நம் ஆட்களுக்குள் செய்தி போகிற வேகத்துக்கு எந்த லோக்கலும் ஈடு கொடுக்காது.

கல்யாணில் அக்கா வீட்டில் இது குடும்பக் கதையாகிவிட்டது. பொங்கல், தீபாவளி, காதுகுத்து எதுவானாலும் சாப்பாட்டுக்கு அப்புறம் இது ஒரு தடவை ஓடும். கதை வருடத்துக்கு வருடம் வளர்கிறது. அத்தானின் வடிவத்தில் காபி எதிர்ச் சுவர் வரைக்கும் போகிறது. அக்கா பெண் கவிதாவின் வடிவத்தில் நான் துப்பிவிட்டு, "நூற்றுக்கு எண்பத்தேழு" என்று மார்க்கும் போடுகிறேன். கவிதாவுக்குக் கல்யாணமாகிப் புதுமாப்பிள்ளை முதல் முதலாக விருந்துக்கு வந்த அன்று, அவருக்கு இலை போடுவதற்கு முன்னாலேயே இந்தக் கதையைப் போட்டுவிட்டார்கள். அந்தப் பையன் சிரிப்பதா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தான். சிரிங்க மாப்பிள்ளை என்றேன். கோமதி கேலரியில் கேட்ட கேள்வி மட்டும் எந்த வடிவத்திலும் வராது. அதை நான் அவர்களிடம் சொன்னதில்லை.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்தது. எல்லோரும் ஹாலில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அத்தான் சாய்ந்துவிட்டார். மாப்பிள்ளை கிரிக்கெட். அக்காகூட ஏதோ சமையல் வீடியோவில் இருந்தாள். யாராவது ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்தேன். தொண்டையைச் செருமினேன். இருமினேன். ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. கடைசி வண்டி வரைக்கும் இருப்பதாகச் சொல்லி வந்திருந்தேன், ஆனால் இப்போதே கிளம்பினாலும் யாருக்கும் தெரியாது என்று தோன்றியது.

"அக்கா, காபி உண்டா?" என்றேன். "டபராவோட குடு."

போன்களிலிருந்து தலைகள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்தன. "மாமா, வேண்டாம், சுவத்துக்கு இப்பத்தான் பெயின்ட் அடிச்சிருக்கு!" என்று கவிதா கத்தினாள். அத்தான் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து, "அந்த வீட்டு பஜ்ஜி இருக்கே" என்று தொடங்கினார். மாப்பிள்ளை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அக்கா சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நீயே சொல்லுலே இந்தத் தடவ" என்றாள்.

சொன்னேன். காபியை எதிர்ச் சுவர் வரைக்கும் கொண்டுபோனேன்.